வாசகர் கேள்வி – பதில்: வெள்ளம் பாயும் வெளியும் கரிக்குன்றும்

சென்ற இதழில், ஜேர்மனியின் ஹம் நகரில் தம்பி வீட்டில் தங்கியிருந்தபோது, லிப்பெ ஆற்றின் வெள்ளச் சமவெளியையும் அதை அடுத்துள்ள பழைய நிலக்கரிச் சுரங்க நிலத்தையும் ஒரே நாளில் நடந்து பார்த்ததைப் பற்றி அரைப்பக்கம் எழுதியிருந்தேன். ஹம் என்ற பெயரைக் காமாட்சி அம்பாள் கோயிலோடு மட்டுமே அறிந்திருந்த பலர், அங்கே ஆறும் சுரங்கமும் இருப்பதை வியந்து எழுதியிருக்கிறார்கள். வந்த கடிதங்கள் பெரும்பாலும் அந்த நடையைச் சுற்றியே இருந்தமையால், இம்முறை இந்தப் பகுதி முழுவதையும் அதற்கே ஒதுக்கிவிட்டேன்.

கேள்வி: ஐயா, என் மகள் குடும்பம் ஹம் நகருக்கு அருகில் இருக்கிறது. அடுத்த வருடம் அம்பாளின் தேருக்குப் போக எண்ணியிருக்கிறோம். எனக்கு வயது 58. முழங்கால் இன்னும் சொற்படி கேட்கிறது. நீங்கள் நடந்த வழியை முதலிலிருந்து ஒழுங்காகச் சொல்ல முடியுமா?
– வாசகி, ஆரையம்பதி

பதில்: அம்மா, உகந்தையிலிருந்து குமணச் சதுப்பு வில்லுகளைத் தாண்டிக் கதிர்காமத்துக்கு நடக்கிற ஊர்க்காரருக்கு இந்த நடை பெரிய காரியமாக இராது. மேடு என்று சொல்ல, மாலையில் ஏற வேண்டிய ஒரே ஒரு குன்றுதான் உண்டு. மீதி எல்லாம் நம் படுவான்கரை போலத் தட்டையான நிலம்.

கோயில் வாசலிலிருந்தே தொடங்குங்கள். 2002 ஆம் ஆண்டு ஜூலையில் கும்பாபிஷேகம் நடந்த அந்தக் கோயில், ஊன்ட்ரொப் என்ற பகுதியில், தொழிற்சாலைகளுக்கும் களஞ்சியங்களுக்கும் நடுவே 17 மீற்றர் உயரக் கோபுரத்தோடு நிற்கிறது. முதல்முறை பார்ப்பவர்கள், இவ்வளவு பெரிய கோயிலை ஏன் இப்படியொரு இடத்தில் கட்டினார்கள் என்று முகம் சுளிப்பதுண்டு. சிறிது நேரம் நடந்தால் டட்டெல்ன்–ஹம் கால்வாய் வரும். திருவிழாவில் அம்பாள் தீர்த்தமாடுவது அதில்தான். இன்று 47 கிலோமீற்றர் நீளமான அந்தக் கால்வாய் ஹம் நகர் வரை 1914 இல் திறக்கப்பட்டது. சுரங்கங்களின் கரியைப் படகில் ஏற்றிச் செல்வது அதன் முக்கிய வேலைகளில் ஒன்றாக இருந்தது. ஆகவே தீர்த்தக்கரையில் கால் வைத்த உடனேயே நீங்கள் நிலக்கரி போன பாதையில் நிற்கிறீர்கள். அதை நினைத்துக்கொண்டு மேற்குப் பக்கமாக, கால்வாய்க் கரையில் ஒரு மணித்தியாலத்துக்குச் சற்று மேலாக நடந்தால், இடப்பக்கத்தில் மக்சிமிலியான் பூங்கா வரும். பின்னால் சைக்கிள் மணி கேட்டால் திரும்பிப் பார்க்காமல் வலப்பக்கம் ஒதுங்குங்கள். நான் திரும்பிப் பார்த்துப் பார்த்து இரண்டு பேரைச் சைக்கிளிலிருந்து இறங்க வைத்தேன்.

பூங்காவைப் பார்த்துவிட்டுக் கால்வாய்க்கு வடக்கே போனால் லிப்பெ ஆறு. அகலம் அதிகமில்லை, மாரியில் நிறைந்து ஓடும் நம் வாய்க்கால்கள் சிலவற்றை அதற்குப் பக்கத்தில் வைக்கலாம். பாட் லிப்ஷ்பிறிங்க என்ற ஊரில் ஊற்றெடுத்து ஏறத்தாழ 220 கிலோமீற்றர் ஓடும் ஆறு அது. அதைக் கடப்பதற்கு லுப்பியா என்ற சிறிய படகு இருக்கிறது; லுப்பியா என்பது உரோமர்கள் இந்த ஆற்றுக்கு வைத்திருந்த பெயர். படகுக்கு இயந்திரமில்லை, ஓட்டுநருமில்லை. ஏறுகிறவர்களே தங்கள் கைவலுவால் அதை மறுகரைக்கு நகர்த்த வேண்டும். என்னோடு ஏறிய வயதான தம்பதியர், நான் வேலையை உடனே பிடித்துக்கொண்டதைப் பார்த்து எங்கே பழகினீர்கள் என்று கேட்டார்கள். மட்டக்களப்பு வாவியின் மண்முனையில் 2014 இல் பாலம் திறக்கும்வரை ‘பாதை’ என்ற மிதவைப் படகில் ஏறி இறங்கியவன், ஆட்கள் போதாத நாட்களில் அதை இழுக்கவும் தள்ளவும் கை கொடுத்தவன் என்பதை என் ஜேர்மன் மொழியில் எப்படிச் சொல்வது? ‘வீட்டில்’ என்று மட்டும் சொன்னேன். மறுகரை சேர்வதற்குள் உள்ளங்கை சிவந்துவிட்டது. குளிர்காலத்திலும் ஆறு பெருகியிருக்கும் நாட்களிலும் அந்தப் படகு ஓடாது. புறப்படுமுன் மகளைக் கொண்டு விசாரித்துக்கொள்ளுங்கள்.

மறுகரையில், அகழி சூழ்ந்த ஓபர்வெரீஸ் மாளிகை. அதைச் சுற்றியிருக்கும் தாழ்ந்த புல்வெளியை அங்கத்தையவர்கள் மெர்ஷ் என்கிறார்கள். ஆறு பெருகும்போது நீர் ஏறி, வடிந்த பின் மாடு மேயும் நிலத்துக்கு அவர்கள் தங்கள் பேச்சில் வைத்திருக்கும் பெயர் அது. நம்மிடையே மேய்ச்சல் தரை, வெட்டை, வில்லு என்று பல சொற்கள் இருப்பது போல. இந்த நடையில் நீங்கள் மெதுவாகப் போக வேண்டிய இடம் இதுதான். பத்தொன்பதாம் நூற்றாண்டில் படகுப் போக்குவரத்துக்காக ஆற்றின் வளைவுகளை நிமிர்த்தி, கரைகளுக்குக் கல் அடுக்கி, ஆற்றை ஒரு வாய்க்காலாகவே ஆக்கியிருந்தார்கள். 2005 க்குப் பின் ஐரோப்பிய ஒன்றியத்தின் நிதியுதவியோடு அந்தக் கற்களைப் பல இடங்களில் பெயர்த்தெடுத்து, கரையைத் தாழ்த்தி, ஆறு தன் விருப்பத்துக்கு மேவிப் பாயவும் அரிக்கவும் விட்டார்கள். விட்டதும் ஆறு என்ன செய்தது என்பதை நீங்கள் கண்ணால் பார்க்கலாம். வளைவின் வெளிப்பக்கத்தில் கரை செங்குத்தாக உடைந்து, மண்ணடுக்குகள் வெட்டிய கேக் போலத் தெரிகின்றன. அந்த மண்சுவரில், மேல் விளிம்பிலிருந்து ஒரு முழம் கீழே, பெருவிரலும் சுட்டுவிரலும் சேர்ந்து செய்யும் வட்டத்தை விடச் சற்றுப் பெரிய ஒரு துளை. துளையின் வாயில் வெள்ளையாக எச்சம் வழிந்திருந்தது. கால் மணித்தியாலம் பொறுத்திருந்த பின் அதன் சொந்தக்காரர் வந்தார். நம் வாவியில் வலைக்கம்பில் குந்தியிருக்கும் அதே சிறிய நீல மீன்கொத்தி, இனமே ஒன்றுதான். கரைக்குக் கல் அடுக்கியிருந்த காலத்தில் அதற்கு அங்கே துளையிட இடமிருக்கவில்லை.

ஈர வெளியில் கொண்டையுள்ள ஆட்காட்டிகளையும், வேனில் காலமென்றால் வெண்நாரைகளையும் காணலாம். அங்கிருந்து ஹேசன் மாளிகையைத் தாண்டி நகர நடுவுக்கு வந்து, சாப்பிட்டு, கால் ஆற்றி, பஸ் பிடித்து மேற்கே ஹெறிங்கன் பகுதிக்குப் போங்கள். அங்கே கிஸிங்கர் ஹோகெ என்ற குன்று இருக்கிறது. வெயில் தாழ்ந்த பின் ஏறுவது நல்லது; ஜூன் மாதத்தில் இரவு ஒன்பதரை மணிக்கும் வெளிச்சம் இருக்கும். அந்தக் குன்று இயற்கையானதன்று. ஹைன்றிக் றோபேட் என்ற சுரங்கத்திலிருந்து, கரியோடு சேர்ந்து மேலே வந்த வேண்டாத பாறையைக் கொட்டிக் கொட்டி எழுப்பியது. பிர்ச் என்ற வெண்பட்டை மரங்கள் மூடியிருப்பதால் தூரத்திலிருந்து பார்ப்பவருக்கு அது தெரியாது. பாதை ஓரத்தில் குனிந்து ஒரு கரிய தகட்டுக் கல்லை எடுத்து, பக்கவாட்டில் தட்டினால் அது ஏடு ஏடாகப் பிரியும். எனக்குக் கிடைத்த மூன்றாவது கல்லில் பன்னத்தின் இலை ஒன்று, நரம்பு உட்பட, அச்சடித்தது போல இருந்தது. 30 கோடி ஆண்டுகளுக்கு மேற்பட்ட சதுப்புக்காட்டின் இலை. அதைக் கொண்டுவரவில்லை, பார்த்துவிட்டு இருந்த இடத்திலேயே வைத்துவிட்டேன்.

பஸ்ஸில் போனதைக் கழித்தால் நான் நடந்தது 18 கிலோமீற்றர் அளவு வரும். உங்களுக்கு அது அதிகமென்றால் கோயிலிலிருந்து ஓபர்வெரீஸ் வரை மட்டும் நடந்து, மாலையில் மருமகனின் காரில் குன்றடிக்குப் போங்கள். குன்றை மட்டும் விட்டுவிடாதீர்கள். அதை ஏன் இவ்வளவு வற்புறுத்துகிறேன் என்பதை அடுத்த கேள்விக்கான பதிலில் சொல்கிறேன்.

கேள்வி: சுரங்கம் தோண்டியதால் அங்கே நிலமே கீழிறங்கிவிட்டது என்றும், மழைநீரை இன்றைக்கும் இறைத்துக்கொண்டிருக்கிறார்கள் என்றும் எழுதியிருந்தீர்கள். சற்று மிகைப்படுத்திவிட்டீர்களோ?
– வாசகர், கல்முனை

பதில்: மிகைப்படுத்தவில்லை, இடமில்லாமல் குறைத்துத்தான் எழுதினேன்.

அங்கே நிலக்கரி, பாறைகளுக்கிடையே, பெரும்பாலும் ஒன்று முதல் மூன்று மீற்றர் வரை தடிப்பான படுக்கைகளாக, ஒன்றன் கீழ் ஒன்றாகக் கிடக்கிறது. ஒரு படுக்கையை நூற்றுக்கணக்கான மீற்றர் அகலத்துக்குச் சீவி எடுத்துக்கொண்டே போகும்போது, வெறுமையாகும் இடத்தின் கூரையைத் தாங்கி நிறுத்தாமல் பின்னால் இடிந்து விழ விட்டுவிடுவார்கள். அந்த இடிவு மெல்ல மெல்ல மேலேறி, கடைசியில் தரைமட்டத்தில் ஒரு பரந்த தட்டம் போன்ற பள்ளமாகத் தெரியும். வீடு, வயல், வீதி எல்லாம் அந்தத் தட்டத்தோடு சேர்ந்து இறங்கும். ஒரு படுக்கைக்கு ஒரு மீற்றர் என்றாலும், பல படுக்கைகளை எடுத்த இடங்களில் சேர்த்துப் பார்த்தால் 20 மீற்றருக்கும் மேலாக இறங்கிய ஊர்கள், ஹம் நகரையும் உள்ளடக்கிய ரூர் என்ற நிலக்கரிப் பிரதேசத்தில் உண்டு.

இப்போது ஆற்றை நினைத்துப் பாருங்கள். ஆற்றுக்குப் பக்கத்திலுள்ள நிலம், ஆற்று மட்டத்தை விடத் தாழ்ந்துவிட்டது. அங்கே பெய்யும் மழை ஆற்றுக்குப் போக வேண்டும். தண்ணீர் மேலே ஏறி ஓடுமா? ஆகவே ஆற்றுக்கு இருபுறமும் அணைக்கட்டை உயர்த்தினார்கள்; உள்ளே தேங்கும் நீரைப் பம்பு வைத்து ஆற்றுக்கு ஏற்றினார்கள். லிப்பெ ஆற்றுப் பகுதியில் இந்த வேலையைப் பார்ப்பதற்கென 1926 இல் லிப்பெ நீர்ச் சங்கம் அமைந்தது. அதற்குத் தெற்கேயுள்ள எம்ஷர் ஆற்றில் அதே நோக்கத்துக்கான சங்கம் 1899 இலேயே தொடங்கிவிட்டது. பம்புகள் நின்றுவிட்டால், சனம் நெருங்கி வாழும் பெரிய நிலப்பரப்பு ஏரியாகிவிடும்.

நம் ஊரில் 2011 ஜனவரி வெள்ளத்தில் எத்தனை நாள் தண்ணீருக்குள் கிடந்தோம் என்பது உங்களுக்கு மறந்திருக்காது. ஆனாலும், முகத்துவாரத்தில் மணல்மேட்டை வெட்டிவிட்டால் வாவி கடலுக்கு இறங்கும் என்ற ஓர் ஆறுதல் நமக்கு எப்போதும் இருக்கிறது. அங்கே இறங்கிய நிலத்துக்கு வெட்டிவிட முகத்துவாரமில்லை. மழை பெய்யும் ஒவ்வொரு முறையும், வெள்ளமோ தூறலோ, பம்புதான் கதி.

இதோடு முடியவில்லை. மூடிய சுரங்கங்களுக்குள் நிலத்தடியிலிருந்து உப்பு நீர் ஊறிக்கொண்டே இருக்கிறது. அது எழும்பிக் குடிநீர்ப் படுக்கைகளோடு கலந்துவிடக் கூடாது என்பதற்காக, குறித்த ஆழத்தில் அதை மறித்து இறைக்க வேண்டும். ஹம் நகருக்கு மேற்கே பேர்க்காமன் ஊரிலுள்ள ஹவுஸ் ஆடன் என்ற பழைய சுரங்கக் குழியை, அந்த நீரை இறைத்து லிப்பெ ஆற்றில் விடுவதற்கான இடமாக வைத்திருக்கிறார்கள். இந்தச் செலவுகளுக்கு ஜேர்மன் மொழியில் ‘நித்தியச் சுமை’ என்று பொருள்படும் ஒரு சொல்லையே வைத்திருக்கிறார்கள். அதைச் சுமப்பதற்காக 2007 இல் ஓர் அறக்கட்டளையை நிறுவினார்கள். நாட்டின் கடைசி நிலத்தடி நிலக்கரிச் சுரங்கங்கள் மூடப்பட்டது 2018 டிசெம்பரில். பொட்றொப் நகரின் சுரங்கத்தில் 21 ஆம் திகதி எடுத்த கடைசிக் கரிக்கட்டியை நாட்டின் சனாதிபதியிடம் கையளித்தார்கள். கரி வருவது நின்றுவிட்டது, இறைப்பு நிற்கவில்லை.

குன்றை ஏற வேண்டும் என்று ஆரையம்பதி அம்மாவிடம் வற்புறுத்தியது இதற்காகத்தான். அதன் உச்சியில் நின்று ஆற்றுப்பக்கம் பார்க்கும்போது, கண்ணுக்கு முன்னால் பச்சையாகக் கிடக்கும் பள்ளமும் காலுக்குக் கீழே உள்ள மேடும் ஒரே கணக்கின் இரண்டு பக்கங்கள் என்பது புரியும். அங்கிருந்து எடுத்தது இங்கே கிடக்கிறது. எரித்தது புகையாகப் போய்விட்டது. சுரங்கத் தொழிலாளர்கள் கரியில்லாத வெறும் பாறையை ‘பேர்க’ என்பார்களாம். அவர்கள் மொழியில் அந்தச் சொல்லுக்கு மலைகள் என்றும் பொருள். சொல் முதலில் வந்து மலை பின்னால் எழுந்திருக்கிறது.

கேள்வி: அந்தச் சுரங்கங்களில் பெரிய விபத்துகள் நடந்தனவா? பாடசாலைச் செயற்றிட்டத்துக்காகக் கேட்கிறேன்.
– உயர்தர மாணவி, வாழைச்சேனை

பதில்: மகள், ஹம் நகரின் வடமேற்கே பொக்கும்-ஹோவெல் பகுதியில் றாட்பொட் என்ற சுரங்கம் இருந்தது. 1908 நவம்பர் 12 ஆம் திகதி அதிகாலையில், 800 மீற்றருக்கும் கீழே, வெடிப்பு நிகழ்ந்து தீ பரவியது. ஏறத்தாழ 350 பேர் இறந்தார்கள். தீயை வேறு வழியில் அணைக்க முடியாமல், சுரங்கத்தை மூடி உள்ளே தண்ணீரை விட்டு நிரப்பினார்கள். கீழே அகப்பட்டிருந்தவர்களில் எவராவது உயிரோடு இருந்திருக்கலாமே என்று உறவினர்கள் கதறியதும், அந்த முடிவு பற்றிய மனக்கசப்பு நெடுங்காலம் ஆறாதிருந்ததும் பதிவாகியுள்ளன. நீரை இறைத்துப் பல உடல்களை மேலே கொண்டுவர மாதங்கள் சென்றன. அடுத்த ஆண்டு பிறஷ்ய அரசு தன் சுரங்கச் சட்டத்தைத் திருத்தி, தொழிலாளர்கள் தாங்களே தெரிவுசெய்யும் பாதுகாப்புப் பிரதிநிதிகளுக்கு இடமளித்தது. உன் செயற்றிட்டத்தில் இந்தத் திருத்தத்தை விட்டுவிடாதே. விபத்தைப் பற்றி எழுதுபவர்கள் பலர் எண்ணிக்கையோடு நிறுத்திவிடுகிறார்கள்.

அந்தப் பக்கத்துச் சுரங்கங்கள் ஏன் அவ்வளவு ஆழம் என்பதையும் சேர்த்துக்கொள். தெற்கே ரூர் ஆற்றங்கரையில் நிலக்கரி தரைக்கு மிக அண்மையில் இருக்கிறது. அங்கே ஆரம்பத்தில் மண்வெட்டியாலேயே தோண்டினார்கள். வடக்கே வர வர அதே கரிப்படுக்கைகள் சரிந்து, சுண்ணக்களிப் பாறையின் கீழே போய்விடுகின்றன. லிப்பெ கரையில் உள்ளவர்கள் நூற்றுக்கணக்கான மீற்றர் பாறையைத் துளைத்த பின்புதான் கரியைக் காண முடிந்தது. அதனால்தான் ஹம் நகரின் சுரங்கங்கள் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில்தான் வந்தன. வந்தவையும் ஆழமாகவும் சூடாகவும் எரிவாயு நிறைந்தவையாகவும் இருந்தன.

ஆழத்துக்குப் போனவர்களை அங்கே முதலில் எதிர்கொண்டது பெரும்பாலும் தண்ணீர். 1870 களில் வெரீஸ் பகுதியில் கரி தேடித் துளைத்தபோது உப்பு நீர் பீறிட்டது. அந்த நீரைக் கொண்டு ஹம் சில காலம் மருத்துவக் குளியல் நகராகவே பெயரெடுத்தது. 1902 இல் வேலை தொடங்கிய மக்சிமிலியான் சுரங்கத்துக்குள் நீர் புகுந்தது; 1914 இல் அதைக் கைவிட்டார்கள். றாட்பொட்டில் தீயை அணைத்ததும் தண்ணீர்தான். அந்தச் சுரங்கம் மறுபடி திறந்து 1990 வரை இயங்கியது. ஆட்களையும் கரியையும் ஏற்றி இறக்கிய சக்கரங்களைத் தாங்கும் இரும்புச் சட்டகங்கள் இன்றைக்கும் அங்கே நிற்கின்றன. இறந்தவர்களின் நினைவிடம் அதே பகுதியின் மயானத்தில் இருக்கிறது. நான் போன அன்று ஒரு மெழுகுதிரி எரிந்துகொண்டிருந்தது. நூறு வருடத்துக்குப் பிறகு யார் ஏற்றியதோ.

கேள்வி: கண்ணாடி யானை என்று எழுதியிருந்தீர்கள். விளையாட்டுக்கா?
– வாசகர், செங்கலடி

பதில்: உண்மைதான். நீர் புகுந்து கைவிட்ட மக்சிமிலியான் சுரங்கக் காணியில், 1984 இல் மாநிலத் தோட்டக் கண்காட்சி நடத்தினார்கள். அதற்காக, பழைய கரி கழுவும் கட்டடத்துக்கு மேலே கண்ணாடியாலும் இரும்பாலும் தலையும் தும்பிக்கையும் பொருத்தி, ஏறத்தாழ 35 மீற்றர் உயர யானையாக மாற்றிவிட்டார்கள். தும்பிக்கைக்குள் மின்தூக்கி ஓடுகிறது. யானை வயலுக்குள் இறங்காத ஊரில் யானையைக் கட்டிப் பார்க்க ஆசைப்பட்டிருக்கிறார்கள். வெல்லாவெளிப் பக்கத்து விவசாயிகளிடம் கேட்டிருந்தால் வேறு ஏதாவது கட்டச் சொல்லியிருப்பார்கள்.

கேள்வி: கோயிலிலிருந்து தொடங்கச் சொல்கிறீர்கள். எங்களைப் போன்றவர்கள் எங்கிருந்து தொடங்குவது? உணவுக்கு என்ன வழி? கவனிக்க வேண்டியவை எவை?
– வாசகர், காத்தான்குடி

பதில்: நகர நடுவிலுள்ள புகையிரத நிலையத்திலிருந்து எதிர்த்திசையில், ஆற்றோடு கிழக்கே நடந்தால் அதே வெளி வரும். உணவுக்குக் கவலை வேண்டாம். 1961 இல் ஜேர்மனி துருக்கியோடு செய்த தொழிலாளர் ஒப்பந்தத்துக்குப் பின் சுரங்க வேலைக்கு வந்த குடும்பங்கள் ஹெறிங்கனிலும் ஹேசனிலும் மூன்று தலைமுறையாக வாழ்கின்றன. ஹலால் கடைகளும் பள்ளிவாசல்களும் உண்டு. ஹெறிங்கனில் நான் தேநீர் குடித்த கடையில், 2010 செப்டெம்பரில் ஹைன்றிக் றோபேட் மூடும்வரை கீழே வேலை செய்த ஒருவர் இருந்தார். சுரங்கத்துக்குள் ஒருவருக்கொருவர் ‘குளூக் ஔஃப்’ என்றுதான் வணக்கம் சொல்வார்களாம். நல்லபடியாக மேலே வா என்பதுபோல ஒரு வாழ்த்து. அவர் இன்றைக்கும் கடைக்குள் வருபவர்களுக்கு அதைத்தான் சொல்கிறார்.

கவனம் என்றால் உண்ணிதான். வெள்ள வெளியின் உயர்ந்த புல்லில் இருக்கும் சிறிய உண்ணிகள் அங்கே காய்ச்சலையும் மூளை அழற்சியையும் பரப்பக்கூடியவை. நீண்ட காற்சட்டை அணிந்து, அதைக் காலுறைக்குள் சொருகிவிடுங்கள். வீட்டுக்கு வந்ததும் முழங்கால் மடிப்பையும் இடுப்பையும் பாருங்கள். கடித்திருந்தால் நசுக்காமல் சாமணத்தால் நேராகப் பிடுங்குங்கள். செருப்போடு போக வேண்டாம். நான் தம்பியின் பேச்சைக் கேளாமல் செருப்போடு இறங்கி, மெர்ஷின் சேற்றில் ஒன்றை விட்டுவிட்டு, கடன் சப்பாத்தோடு மாலையில் குன்றேறினேன். குன்றின் சரிவில் பாதையை விட்டு விலகாதீர்கள். கொட்டிய பாறை இறுகிய மண் போலத் தெரிந்தாலும் கால் வைத்தால் வழுகும்.

கேள்வி: எல்லோரும் ஜேர்மனிக்குப் போக முடியுமா? நம் மாவட்டங்களில் இப்படியொரு நடை இல்லையா?
– வாசகர், திருக்கோவில்

பதில்: நியாயமான கேள்வி. நிலக்கரிச் சுரங்கம் நம் நாட்டில் இல்லை. நுரைச்சோலையில் 900 மெகாவாற் மின்னிலையம் எரிப்பது கப்பலில் வரும் கரி. அதன் பள்ளம் வேறு யாரோ ஒருவரின் நாட்டில் இருக்கிறது. வெள்ளச் சமவெளிக்கோ நமக்குக் குறைவில்லை. நான் பரிந்துரைப்பது, களுவாஞ்சிக்குடிப் பக்கத்திலிருந்து குருமண்வெளிக்கு வந்து, வாவியைக் கடந்து மண்டூரில் இறங்கி, முருகனைக் கும்பிட்டுவிட்டு வயல் வரம்புகளோடு வெல்லாவெளித் திசைக்கு நடப்பது. பெப்ரவரி நடுவில் போங்கள். மாரி வெள்ளம் வடிந்து, நெல் பழுத்து, அறுவடை தொடங்கும் நேரம். பிற்பகல் மூன்று மணிக்குள் திரும்பிவிடுங்கள், யானைக்கு விலகி நடக்கும் வரம்பு தெரியாது. வயல் நீரைக் கவனிக்கும் வட்டவிதானையாரிடம் ஒரு சொல் கேட்டுவிட்டு இறங்குவது மரியாதையும் பாதுகாப்பும்.

அந்த நடையில் பார்க்க வேண்டிய ஒன்றைச் சொல்கிறேன். வெள்ளம் வந்து போன வயலில், வரம்பின் மேற்கு முகத்தையும் கிழக்கு முகத்தையும் பாருங்கள். தண்ணீர் வந்த பக்கம் புல்லும் வைக்கோலும் சீப்பால் வாரியது போலப் படிந்திருக்கும். மறுபக்கத்தில் மெல்லிய வண்டல் வெடித்துத் தகடு தகடாகக் கிடக்கும். பட்டிப்பளை ஆறு இங்கினியாகலையில் சேனாநாயக்க சமுத்திரமாக மறிக்கப்பட்ட பின் அம்பாறைப் பக்கத்து வயல்களுக்கு வரும் வண்டல் பழைய அளவில் இல்லை என்பது வயதான போடியார்கள் சொல்லக் கேட்டது. மகாவலியின் கீழ்ப்பகுதி வில்லுகளுக்கும் மேலே நீரைத் திருப்பிய பின் முன்போல வெள்ளம் ஏறுவதில்லை. அவற்றில் ஒரு பகுதியைக் காப்பதற்காகப் பொலநறுவைப் பக்கத்தில் 1984 இல் வெள்ளச் சமவெளி தேசியப் பூங்கா அமைத்தார்கள். கண்ணாடி யானைக்கும் அதே ஆண்டு என்பதை இதை எழுதும்போதுதான் கவனித்தேன்.

நம்மிடம் பள்ளம் தோண்டுவோர் இல்லை என்று நினைத்துவிடவும் வேண்டாம். முந்தனை ஆற்றிலும் அதன் கிளைகளிலும் மணல் அகழும் இடங்களைப் போய்ப் பாருங்கள். ஆற்றின் அடி இறங்கினால் கரை சரிகிறது, பக்கத்துக் கிணற்றின் நீர்மட்டம் கூடவே இறங்குகிறது, வாவியை அண்டிய இடங்களில் உப்பு நீர் உள்ளே ஏறுகிறது. லிப்பெ கரையில் ஆயிரம் மீற்றர் ஆழத்தில் நடந்தது, இங்கே இடுப்பளவு தண்ணீரில் ஒரு ரக்டரோடு நடக்கிறது.

திருத்தம்: சென்ற இதழில், லிப்பெ ஆறு ரூர் ஆற்றில் கலப்பதாக எழுதிவிட்டேன். அது தவறு. இரண்டும் தனித்தனியே போய் றைன் ஆற்றில் கலக்கின்றன. லிப்பெ கலக்கும் இடம் வேசெல் நகர். சுட்டிக்காட்டிய பெரியகல்லாறு வாசகர், தான் அந்த ஊரில் பதினொரு வருடம் ரொட்டி சுட்டவர் என்றும், ஆற்றைப் பார்க்காமல் ஒரு நாளும் வேலைக்குப் போனதில்லை என்றும் எழுதியிருக்கிறார்.